மதிய வெயிலில் மட்டும் பேசாத பெட்டி

போன மாதம் பயிற்சி வகுப்பு முடிந்ததும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், இப்ப வர்ற சிப் எல்லாம் தன் வோல்டேஜைத் தானே குறைச்சுக்குது, தானே கூட்டிக்குது. இதுல நாம பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

நான் ஆனையூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ரமாபாய் டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நின்றுகொண்டே சொல்கிற கதை இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். மதுரை அவனியாபுரத்தில் ஒன்பது பேர் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதுகிறவள். தகரக்கூரை போட்ட கூடத்தில் போர்டுகளுக்குச் சால்டரிங் நடக்கும். அதை ஒட்டி ஏசி வைத்த ஒரு சின்ன அறை. அதில் நானும் சிக்கந்தரும். சர்க்யூட் எல்லாம் அவன் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம்.

தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டவர்களுக்காக நாங்கள் ஒரு பேசும் பெட்டி செய்தோம். அவர்களுக்குக் கழுத்தில் ஒரு துளை இருக்கும். மூச்சு அதன் வழியாகத்தான் போய்வரும், பேச்சு வராது. பெட்டியில் பன்னிரண்டு பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்த ஒரு வாக்கியம். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், இப்படி. முதல் பெட்டியை வாங்கிக்கொண்டவர் ரமாபாய் டீச்சர். பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் நூல் கடை வைத்திருந்தார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் டீச்சர் ஒரு காரியம் செய்திருந்தார். வீட்டு டேப் ரிக்கார்டர் முன்னால் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, பின்னால் தனக்குத் தேவைப்படும் என்று தோன்றியதையெல்லாம் பேசிப் பதிந்து வைத்துவிட்டார். அந்தக் கேசட்டை அவர் கணவர் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"வேற யாரோட குரலும் வேணாங்குறா. இதுல இருக்குறத அதுல ஏத்த முடியுமாம்மா?"

ஏற்றினேன். அதற்காகப் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் அவருக்கு இருமல் வந்துவிடுகிறது. நிறுத்தி, செருமி, "இன்னொரு தடவ சொல்றேன்" என்று கேசட்டிடமே சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி தொடங்குகிறார். அதைக் கேட்ட சிக்கந்தர் எழுந்து வெளியே போய், யாரும் கேட்காமலே இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தான்.

பன்னிரண்டில் ஒன்று மட்டும் அவர்கள் வீட்டு மொழியில் இருந்தது. எனக்குப் புரியவில்லை. பெட்டி வாங்க வந்தபோது கேட்டேன். டீச்சர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'சாப்பிட்டாச்சா என்று அவரைக் கேட்கிறேன். அதைத் தமிழில் கேட்டால் அவருக்குச் சாப்பிடவே தோன்றாது.'

அந்த முதல் பெட்டிக்குத் தடித்த செல் நான்கு. கழுத்தில் மாட்டினால் பட்டை சரியாக ஆபரேஷன் தழும்பின் மேல் அழுத்தும். டீச்சர் அதற்கடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கைக்குட்டை உறுத்தியது. பெட்டி மின்சாரம் குறைவாகச் சாப்பிட்டால் இரண்டு பென்சில் செல் போதும். இரண்டு பென்சில் செல் என்றால் எடையே தெரியாது.

அப்போதுதான் வோல்டேஜில் கை வைத்தோம். உங்களுக்குத் தெரிந்ததுதான்: வோல்டேஜைப் பாதியாக்கினால் சிப்பின் மின்செலவு கிட்டத்தட்டக் காலாகிவிடும். ஆனால் குறைந்த வோல்டேஜில் சிப் வேகமாக ஓடாது. பட்டனுக்காகச் சும்மா காத்திருக்கும்போது வேகம் எதற்கு? குரலைச் சுருக்கிப் பதிந்திருந்தோம், அதை விரித்துப் பேசும்போதுதான் வேகம் வேண்டும். ஆகவே காத்திருக்கையில் வோல்டேஜைத் தாழ்த்தி, பட்டனை அழுத்தியதும் உயர்த்தி, பேசி முடித்ததும் மறுபடி தாழ்த்த வேண்டும். இன்று இதை ஒரு வரி புரோகிராமில் கேட்டு வாங்கிவிடுகிறீர்கள். அன்று சிக்கந்தர் தனியாக ஒரு சர்க்யூட் போட்டான், நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். இந்த வேகத்துக்கு இவ்வளவு வோல்டேஜ் போதும் என்ற பட்டியல். ஒவ்வொரு வேகத்திலும் சிப் தடுமாறும் வரை வோல்டேஜைக் குறைத்துப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே கோடு போட்டேன். நான்கு நாள் வேலை. எல்லாம் அந்த ஏசி அறையில்.

இரண்டு பென்சில் செல்லில் பெட்டி மூன்று வாரம் ஓடியது. டீச்சர் புதுப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று எனக்கு இருந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை. அண்ணன் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிடம் பேசி, இருபது பெட்டிக்கு ஆர்டர் வாங்கிவந்தார்.

ஒரு மாதம் கழித்து, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது, டீச்சரின் கணவர் போன் செய்தார். பெட்டி சில நேரம் பேசுவதில்லையாம். செல்லைக் கழற்றி மாட்டினால் பேசுகிறதாம். வாங்கிவந்து என் மேஜையில் வைத்து நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். நூறு தடவையும் பேசியது. செல் மாட்டும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சிக்கந்தர் அதை மாற்றினான். கொடுத்தனுப்பினோம். பத்து நாளில் மறுபடி போன்.

அப்போது நான் சொன்ன வார்த்தையை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "பட்டனை நல்லா அழுத்தச் சொல்லுங்க சார். டீச்சர் மெதுவா அழுத்துறாங்களோ என்னமோ."

அவர் "சரிம்மா, சொல்றேன்" என்றார்.

சித்திரையில் ஒரு நாள் காலை அவர் நேரில் வந்தார். இருபது பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கித் தயாராக இருந்தன. சாயங்காலம் பார்சல் வண்டி வரும். அவர் கையில் டீச்சரின் பெட்டியும், பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருந்தன.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணி இருக்கும்மா. நான் கடையில இருந்தேன். அவளுக்குக் கழுத்து ஓட்டையில சளி அடைச்சிருச்சு. மூச்சு விட முடியலன்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அதை அமுக்கியிருக்கா. பேசல. மறுபடி அமுக்கியிருக்கா. அப்பவும் பேசல. எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில அடிச்சிருக்கா. கீழ் வீட்டம்மா என்னமோ உருளுதேன்னு மேல வந்து பாத்துருக்காங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "இப்ப டீச்சர்?"

"நல்லாருக்கா. உப்புத்தண்ணி விட்டு எடுக்க அவங்களுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருந்தோம், எடுத்துட்டாங்க. உங்கள ஒண்ணும் சொல்ல வரல. இந்த நோட்டைக் குடுத்துட்டு வரச் சொன்னா."

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். கணக்கு டீச்சரின் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டங்கள்: தேதி, மணி, எந்த இடம், எந்தப் பட்டன், பேசியதா இல்லையா. ஓரத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம். பேசாத ஒவ்வொரு முறைக்கும் நேராக அந்தக் குறிப்பில் ஒரே வரி இருந்தது: 'நன்றாக அழுத்தினேன்.' அடுத்த வரிசையில் 'நன்றாக அழுத்தினேன்.' அதற்கடுத்ததிலும் அதேதான். என் வார்த்தை அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தால் வேலை நடக்காது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். பெட்டி பேசாத நேரங்களை மட்டும் அவர் எழுதவில்லை, அது பேசிய நேரங்களையும் எழுதியிருந்தார். அதனால்தான் விஷயம் பிடிபட்டது. காலையில் எப்போதும் பேசியிருக்கிறது. சாயங்காலமும் அப்படியே. பேசாததெல்லாம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள். இடம் மாடி அறை, இல்லையென்றால் அடுப்படி. இதற்கு விலக்காக ஒரே ஒருமுறை காலை ஏழரைக்குப் பேசவில்லை. அந்த வரிசையில் இடம்: 'இட்லிப் பானை பக்கம்.'

"சிக்கந்தர், சூடு" என்றேன்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். அடுக்கிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். தகரக்கூரைக்கு நேர் கீழே ஓர் அலமாரி உண்டு. அதன் உச்சியில் பெட்டியை வைத்தோம். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஸ்டூலில் ஏறி அவன் பட்டனை அழுத்துவான். தண்ணீர் வேண்டும், என்று அது சொல்லும். அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் அழுத்தினான், சத்தமில்லை. மறுபடி அழுத்தினான். இல்லை. இறக்கி ஏசி அறைக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, செல்லைக் கழற்றி மாட்டினோம். தண்ணீர் வேண்டும், என்றது.

சிப் சூடானால் மந்தமாகும். அதே வேகத்தில் ஓட அதற்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. டிப்ளமோ படிக்கும்போதே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் பட்டியல் ஏசி அறையில் பிறந்தது. மதுரையில் சித்திரை என்று ஒரு மாதம் உண்டு என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் அட்டைப்பெட்டி அடுக்கைப் பார்த்தார்.

"அங்க ஆஸ்பத்திரியில இருபது பேர் காத்திருக்காங்க செல்வி. டாக்டர் நேத்துகூடப் போன் பண்ணாரு. இப்ப அனுப்பிருவோம். சரி பண்ணி அப்புறம் மாத்திக் குடுக்கலாமே."

"அந்த இருபது பேர்ல ஒருத்தருக்கு மத்தியானம் சளி அடைச்சா என்னண்ணே பண்றது?"

அவர் கெட்டவரில்லை. அனுப்பாவிட்டால் இருபது பேர் பேச்சில்லாமல் இன்னும் ஒரு மாதம் இருப்பார்கள் என்பதும் உண்மைதானே. அவர் பயந்தது அதற்குத்தான்.

எனக்கு யோசிக்க நேரம் குறைவு. பட்டியலில் ஒவ்வொரு எண்ணையும் கொஞ்சம் உயர்த்தி அனுப்பிவிடலாமா என்று ஓர் ஆசை வந்தது. எவ்வளவு உயர்த்துவது? அதுவும் இந்த அறையில் உட்கார்ந்து நான் போடும் இன்னொரு ஊகம்தான். ஒரு தவறைச் சரிசெய்ய அதே மாதிரி இன்னொரு தவறு.

"அண்ணே, மிச்சம் பிடிக்கிற வேலையே இப்போதைக்கு வேணாம். இருபதுலயும் வோல்டேஜை எப்பவும் முழுசா வச்சு அனுப்பிருவோம். எம்புட்டு வெயில்லயும் பேசும். ஆனா செல் மூணு வாரம் வராது. மூணு நாள்தான் வரும்."

"மூணு நாளா? மூணு வாரம்னு நம்மதான சொல்லியிருக்கோம்."

"தப்பு எங்க நடந்துச்சுன்னு உண்மையை எழுதிருவோம்ணே. நான் எழுதுறேன்."

"எழுது. கையெழுத்து நான் போடுறேன். கம்பெனி பேர்ல போகட்டும், உன் பேர் வேணாம்" என்றார். அப்புறம் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், கிடைத்த பென்சில் செல்லையெல்லாம் வாங்கிவந்தார். நான் ஒவ்வொரு பெட்டியாக புரோகிராமை மாற்ற, சிக்கந்தர் அதைத் தகரக்கூரைக்குக் கீழே வைத்துச் சோதிக்க, அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் அட்டைப்பெட்டியிலும் கூடுதல் செல்லும் கடிதமும் வைத்து ஒட்டினார். பார்சல் வண்டிக்காரர் கொஞ்சம் காத்திருந்துதான் ஏற்றிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. சிப்புக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று நான் முன்கூட்டி முடிவு செய்வதைவிட, அதுவே பார்த்துச் சொல்லட்டும் என்றான் சிக்கந்தர். சிப்பை ஒட்டி, அதே வோல்டேஜில், அதே சூட்டில், மின்துடிப்பு ஒன்று தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன சர்க்யூட்டைப் பொருத்தினான். சூடேறினால் அதுவும் மந்தமாகும். அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று என் புரோகிராம் எண்ணிக்கொண்டே இருக்கும். வேகம் தாழ்ந்தால் வோல்டேஜை ஏற்றும், மீண்டால் இறக்கும். பட்டியலைத் தூக்கிப் போட்டேன். பேசத் தொடங்கும்போது வோல்டேஜ் ஏறி நிலைத்த பிறகே வேகத்தைக் கூட்டுவது, முடிக்கும்போது வேகத்தைக் குறைத்த பிறகே வோல்டேஜை இறக்குவது என்ற வரிசையையும் அப்போதுதான் இறுக்கிப் பிடித்தேன். இன்று உங்கள் சிப்புக்குள் இதெல்லாம் அடக்கம். ஆனால் அதற்கும் எல்லை குறித்தது எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்த ஒரு மனிதர்தான்.

புதுப் பெட்டியை நானே டீச்சர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், நல்ல மத்தியான நேரமாகப் பார்த்து. மாடி அறையில் நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. இங்கேதான் அவர் ஒரு மாதமாக என் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பட்டனை நல்லா அழுத்தச் சொன்னேன்ல. தப்பு என் மேல. மன்னிச்சிருங்க."

அவர் என்னை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். நோட்டை எடுத்து எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டேன். 'கணக்குப் போட்ட முறை சரி. கேள்வியில் கொடுத்திருந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டாய். மாணவிகள் செய்வதுதான்.'

அதற்கு முன்பு என்னை 'நீங்கள்' என்றுதான் எழுதுவார். அன்றுதான் 'நீ'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி எழுந்து போய் மோர் கொண்டுவந்தார்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். அடுப்பைப் பற்றவைத்து அதன் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தினோம். ஒன்றும் தவறவில்லை. மூச்சு விட முடியவில்லை என்ற பட்டன் வந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எழுதினார்: 'இதற்கு என் குரல் வேண்டாம். மணிச்சத்தம் போதும். பேச்சு என்றால் கேட்பவர் நின்று கேட்பார். மணி என்றால் ஓடி வருவார்.'

நான் வோல்டேஜையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மாடிப்படியில் ஓடி வரவேண்டிய ஆளை நினைத்திருந்தார்.

சிக்கந்தர் அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் சிப்பே வேண்டாம் என்று முடிவு செய்தான். செல்லிலிருந்து நேராக ஒரு பஸ்ஸர். என் புரோகிராம் தூங்கினாலும் செத்தாலும் அது அலறும். புரோகிராம் எழுதுகிறவளுக்கு அதை ஒப்புக்கொள்வது கஷ்டம்தான். ஒப்புக்கொண்டேன். இருபது பெட்டிகளையும் திரும்ப வரவழைத்து அதே மாதிரி மாற்றி அனுப்பினோம். செல் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. பழைய மூன்று வாரம் கடைசி வரை வரவே இல்லை. அண்ணன் அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

உங்களிடம் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள், நல்ல வேலை அது. ஆனால் எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். அதை உங்கள் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பொருள் வாழப்போகிற வீட்டுக்கு ஒரு மத்தியானம் போய்வாருங்கள். குறை சொல்கிறவர் எதை எழுதி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பள்ளிக்கூட வேலைக்கு டீச்சர் திரும்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டரே சந்தேகமாகத்தான் சொல்லியிருந்தார். பள்ளி திறப்பதற்கு முன்னால் அவர் கணவர் மறுபடி அந்தக் கேசட்டோடு வந்தார். அதன் இரண்டாம் பக்கத்தில் இன்னும் சில வாக்கியங்கள் இருந்தன, அவற்றையும் ஏற்றச் சொன்னார். சிக்கந்தர் கூடுதலாகச் சில பட்டன்கள் வைக்க, ஏற்றிக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் ஒரு காலை கம்பெனி போன் அடித்தது. எடுத்தேன். டீச்சரின் குரல்.

"வணக்கம்."

"டீச்சர், சொல்லுங்க டீச்சர்" என்று அவசரமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், பிள்ளைகளின் பேச்சு. கணவரின் செல்போனை வகுப்புக்கே எடுத்துப் போயிருக்கிறார். என்னிடம் அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு பட்டன் அழுத்தும் ஓசை கேட்டது.

"எல்லாரும் உக்காருங்க."

பெஞ்சுகள் தரையில் இழுபட, ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் உட்காரும் சத்தம் போனில் வந்தது. அப்புறம் அமைதி. சாக்பீஸ் கரும்பலகையில் எழுதத் தொடங்கியது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.